சும்மா இருக்கிறாரா அம்மா?

1. ஒரு அஞ்சலட்டை

புனே நகரில் கட்கி என்று ஒரு பகுதி உண்டு. அங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. பல தமிழ்க் குடும்பங்கள் அங்கே நெடுங்காலமாக வாழ்கின்றன. அப்படி ஒரு குடும்பத்தின் கதை இது.

வீட்டில் நான்கு பேர். அப்பா, அம்மா, மகள், மகன். அப்பா ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறார். மகள் ஆறாம் வகுப்பு. மகன் இரண்டாம் வகுப்பு. அம்மாவின் பிறந்த ஊர் மதுரை. சிறு வயதில் அவர் பள்ளிக்குப் போகவில்லை. இப்போதுதான் மாலை வகுப்பில் சேர்ந்து எழுதப் படிக்கக் கற்றார்.

ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்த நேரம். மகள் மதுரை மாமாவுக்கு அஞ்சலட்டை எழுதினாள். அப்பாவிடம் தமிழ் எழுதக் கற்றவள் அவள். எழுதிய அட்டையை அலமாரி மேல் வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

அம்மா அதைக் கையில் எடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“அன்புள்ள மாமா, நாங்கள் எல்லோரும் நலம். அப்பா வேலைக்குப் போகிறார். நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். தம்பி இரண்டாம் வகுப்பு. அம்மா வீட்டில் சும்மா இருக்கிறார்.”

கடைசி வரியை அம்மா மறுபடியும் படித்தார். தவறாகப் படித்துவிட்டோமோ என்று நினைத்தார். இல்லை. சரியாகத்தான் படித்திருந்தார்.

மகளிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அட்டையைத் தாமே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டார். ஆனால் அந்த வரி மனத்தைவிட்டுப் போகவில்லை.

“சமைத்தது சாப்பிட்டவுடன் தீர்ந்துபோகிறது. துவைத்தது மறுநாளே அழுக்காகிறது. பிள்ளைகளின் கண்முன் நிற்கும்படி ஏதாவது செய்ய வேண்டும்” என்று எண்ணினார்.

2. முளைக்காத கொத்தமல்லி

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது. பாயை விரித்தால் நிறைந்துவிடும். அங்கே ஒரு பழைய பெயிண்ட் வாளி கிடந்தது. அம்மா அதில் மண்ணைப் போட்டார். சமையலறையிலிருந்து ஒரு பிடி கொத்தமல்லி எடுத்தார். விரலால் ஆழமாகக் குழி பறித்து விதைத்தார். நிறையத் தண்ணீர் ஊற்றினார்.

அன்று இரவு மழை பிடித்தது. பத்து நாள் விடவில்லை. வாளியில் தண்ணீர் குளம்போல் நின்றது. ஒரு முளைகூட வரவில்லை. மண்ணைக் கிளறிப் பார்த்தார். விதைகள் அழுகியிருந்தன.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். மராட்டியர். பாட்டியை மராட்டியில் ‘ஆஜி’ என்பார்கள். அம்மாவும் அப்படியே அழைப்பார். ஆஜி வாளியைத் தூக்கி அடியைப் பார்த்தார். சிரித்தார்.

“மகளே, இதில் ஓட்டையே இல்லையே! தண்ணீர் எங்கே போகும்? வேருக்கும் மூச்சு விட வேண்டாமா?”

அம்மாவும் சிரித்துவிட்டார். அன்றைய தேதியை நோட்டில் எழுதினார். அதன் கீழே, “வாளிக்கு ஓட்டை வேண்டும்” என்று எழுதினார். அவருடைய தோட்டத்தின் முதல் பாடம் அது.

மழைக்காலம் முடியும்வரை அம்மா காத்திருந்தார். வாளியின் அடியில் ஆறு ஓட்டைகள் போட்டார். ஓட்டைகளின் மேல் ஓட்டுச் சில்லுகளை வைத்தார். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மக்கிய எரு, ஒரு பங்கு மணல் கலந்து நிரப்பினார்.

இந்த முறை வெந்தயம். அதை இரவில் ஊறவைத்தார். காலையில் நெருக்கமாகத் தூவினார். மேலே மெல்லியதாக மண் போட்டார். பூவாளியால் தண்ணீர் தெளித்தார். நான்காம் நாள் காலை மகன் கத்தினான்.

“அம்மா! பச்சை! பச்சை!”

முப்பது நாளில் வெந்தயக் கீரை கிடைத்தது. அன்றைய பருப்பில் அந்தக் கீரைதான். மகன் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

கொத்தமல்லியும் பிறகு முளைத்தது. உருண்டை விதையை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைக்க வேண்டும். அரை அங்குல ஆழம் போதும். பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்திருக்க வேண்டும். இவையெல்லாம் ஆஜி சொன்னவை.

செப்டம்பர் கடைசியில் தக்காளி விதை பாக்கெட் ஒன்றை அம்மா வாங்கினார். காலாவதித் தேதியை அவரே படித்துப் பார்த்துத்தான் காசு கொடுத்தார். நாற்று ஒரு மாதத்தில் வளர்ந்தது. மாலையில் வெயில் தாழ்ந்தபின் தொட்டிகளில் மாற்றி நட்டார். சுவர் நிழலில் வைத்த செடி நெட்டையாக, வெளிறி வளர்ந்தது. வெயிலில் வைத்த செடி திடமாக வளர்ந்தது. தக்காளிக்கு நாளுக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். அம்மா நிழல் தொட்டியையும் வெயிலுக்கு நகர்த்தினார்.

தோட்டம் போடுவோர் நினைவில் வைக்க:

• தொட்டி, வாளி, தகர டின், சாக்கு எதுவானாலும் அடியில் ஓட்டை வேண்டும்.
• விதையை ஆழப் புதைக்கக் கூடாது. விதையின் கனத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும்.
• விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம்.
• காய்கறித் தோல், வாடிய கீரை, காய்ந்த இலை ஆகியவற்றை அடுக்கடுக்காகப் போட்டு மூடி வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் எருவாகும். அவ்வப்போது கிளறிவிட வேண்டும்.
• இலையடியில் அசுவினிப் பூச்சி இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். காயையும் கீரையையும் நன்றாகக் கழுவிச் சமையுங்கள்.

3. அம்மாச்சியின் புடவை

அக்டோபரில் தெருவில் ஒரு குடும்பம் வீடு மாறிப் போனது. அவர்களுடைய பழைய தையல் மிஷினை அம்மா விலைக்கு வாங்கினார். அது அவர் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம்.

முதல் வாரம் நூல் அறுந்துகொண்டே இருந்தது. கடைசியில் தெருமுனைத் தையல்காரர் வந்து பார்த்தார். ஊசி திரும்பி மாட்டப்பட்டிருந்தது. அவர் சரிசெய்தார். ஒரு வழியும் சொன்னார். பழைய செய்தித்தாளில் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். நூல் கோக்காமல் அந்தக் கோட்டின் மேல் மிஷினை ஓட்ட வேண்டும். நேராக ஓட்ட வந்தபிறகு துணியைத் தொட வேண்டும்.

அம்மா அப்படியே பழகினார். பிறகு தலையணை உறை தைத்தார். காய்கறிப் பை தைத்தார். துணிச்சல் வந்தது.

அம்மாவின் பெட்டியில் ஒரு சுங்குடிப் புடவை இருந்தது. அது அவருடைய தாயாரின் புடவை. பிள்ளைகளுக்கு அம்மாச்சி. அம்மாச்சி இறந்து ஆறு வருடம் ஆகிறது. அவருடைய பொருளாக அம்மாவிடம் இருந்தது அந்தப் புடவை ஒன்றுதான். அதில் மகளுக்குத் தீபாவளிப் பாவாடை தைக்க வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார்.

மகளின் இடுப்பிலிருந்து கீழே அளந்தார். 26 அங்குலம் வந்தது. சரியாக 26 அங்குலத்தில் துணியை வெட்டினார். தைத்து முடித்தார். மகள் கட்டிப் பார்த்தாள்.

“அம்மா, இது போன வருஷத்துப் பாவாடையா?”

பாவாடை 22 அங்குலம்தான் இருந்தது. இடுப்பு மடிப்புக்கு ஒன்றரை அங்குலம் போயிருந்தது. கீழ் மடிப்புக்கு இரண்டரை அங்குலம் போயிருந்தது. மொத்தம் 4 அங்குலம். வெட்டும்போது 30 அங்குலம் வைத்திருக்க வேண்டும்.

மடிப்பைப் பிரித்து நீளமாக்கலாம் என்று அம்மா தையலைப் பிரித்தார். பழைய துணி. இழுத்த இடத்தில் கிழிந்தது. அதை ஒட்டித் தைத்தார். பக்கத்தில் கிழிந்தது.

அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். “இருந்த ஒரு புடவையையும் கெடுத்துவிட்டாயே” என்றார்.

அம்மா பதில் சொல்லவில்லை. துண்டுகளைச் சுருட்டித் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டினார். பல நாள் மிஷினைத் திறக்கவே இல்லை. தீபாவளிக்குக் கடையில் வாங்கிய பாவாடையை மகள் கட்டினாள்.

தையல் பழகுவோர் நினைவில் வைக்க:

• உடல் அளவு வேறு, வெட்டும் அளவு வேறு. மடிப்புக்கும் தையலுக்கும் இடம் சேர்த்து வெட்ட வேண்டும்.
• புதிய பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கும்.
• பழைய துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழை தேய்ந்த இடம் தெரியும். அங்கே தையல் நிற்காது.
• முதலில் செய்தித்தாளில் வெட்டிப் பாருங்கள். தவறினால் காகிதம்தான் போகும்.

4. ஆஜியின் கோதடி

டிசம்பர் மாதம் வந்தது. புனேயில் இரவுகளில் நன்றாகக் குளிரும். ஆஜி வாசலில் வெயில் காய்ந்தபடி தைத்துக்கொண்டிருந்தார். பழைய புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்த கனமான போர்வை அது. மராட்டியர் அதைக் கோதடி என்பார்கள்.

அம்மா அருகில் போய் உட்கார்ந்தார். போர்வையில் ஒரு பச்சைத் துண்டு இருந்தது. ஆஜி அதைத் தடவினார்.

“இது என் மாமியாருடையது. இந்த நீலம் என் மகன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது போட்ட சட்டை. நல்ல துணியை யார் கோதடியில் போடுவார்கள்? கிழிந்ததுதான் கோதடிக்கு வரும்.”

அம்மா எழுந்து போனார். தலையணை உறையைக் கொண்டு வந்து அவிழ்த்தார். சுங்குடித் துண்டுகள் விழுந்தன. ஆஜி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்.

“இதில் எதுவும் வீண் இல்லை. நாளைக்கு மதியம் வா.”

மறுநாள் வேலை தொடங்கியது. அட்டையில் 6 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டினார்கள். அதை வைத்து அளந்து துணிகளைச் சதுரங்களாக வெட்டினார்கள். சுங்குடித் துண்டுகள் போதவில்லை. பிள்ளைகளின் பழைய சட்டைகளும் ஆஜியின் துண்டுகளும் சேர்ந்தன. இற்றுப்போன சுங்குடிச் சதுரங்களுக்கு அடியில் வேறு துணி வைத்து இரட்டையாக்கினார்கள்.

“அகலத்துக்கு எத்தனை சதுரம் வேண்டும்?” என்று ஆஜி கேட்டார். அவர் விரலால் சாண் போட்டுப் பார்ப்பவர்.

அம்மா நோட்டை எடுத்தார். இந்த முறை ஏமாறவில்லை. சதுரம் 6 அங்குலம். தைக்கும்போது இரு பக்கமும் அரை அரை அங்குலம் போகும். மிஞ்சுவது 5 அங்குலம். அகலத்துக்கு 9 சதுரம் வைத்தால் 45 அங்குலம். நீளத்துக்கு 12 சதுரம் வைத்தால் 60 அங்குலம். மொத்தம் 9 பெருக்கல் 12. அதாவது 108 சதுரம்.

ஆஜி வியப்போடு பார்த்தார். “பாவாடை போனால் போகட்டும். கணக்கு வந்துவிட்டது” என்றார்.

சதுரங்களை மிஷினில் இணைத்தார்கள். பிறகு தரையைப் பெருக்கினார்கள். அடியில் ஆஜியின் பழைய ஒன்பது கஜப் புடவையை மடித்து விரித்தார்கள். நடுவில் அப்பாவின் பழைய வேட்டியை மடித்து வைத்தார்கள். மேலே 108 சதுரங்கள். மூலைகளில் கல் வைத்துச் சுருக்கம் போக இழுத்தார்கள். மூன்றும் நகராமல் இருக்கப் பெரிய பெரிய தையலாக முதலில் போட்டார்கள்.

அதன் பிறகு கைத்தையல். ஊசி உள்ளே போய் வெளியே வரும் எளிய ஓட்டத் தையல்தான். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் ஒரு விரல் இடைவெளி. நடுவிரலில் உலோக உறை மாட்டிக்கொண்டால் ஊசி குத்தாது. முடிந்தபின் முதலில் போட்ட பெரிய தையல்களைப் பிரித்துவிட வேண்டும்.

தினமும் மதியம் ஒன்றரை மணி நேரம் தைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். ஒரு நாள் அப்பாவும் வந்து உட்கார்ந்தார். துணியின் மறுமுனையை இழுத்துப் பிடித்தார். சுங்குடிச் சதுரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இருட்டும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.

5. பல ஊர், ஒரே வழக்கம்

பழைய துணியில் போர்வை தைப்பது புனேயில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. இந்தியாவின் பல பகுதிகளில் பெண்கள் இப்படித் தைக்கிறார்கள்.

வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயர். பழைய புடவை, வேட்டிகளை அடுக்கி அதன் மேல் பூ, பறவை, மீன் எல்லாம் நூலால் தைப்பார்கள். பழைய புடவைக் கரையிலிருந்தே வண்ண நூலைப் பிரித்து எடுப்பதும் உண்டு.

பீகாரில் சுஜனி என்பார்கள். பிறந்த குழந்தையைப் பழைய மெல்லிய துணியில் தைத்த சுஜனியில் சுற்றுவது அங்கே வழக்கம். முசாபர்பூர் மாவட்டத்தின் பூசுரா கிராமம் இதற்குப் பெயர் பெற்றது. அங்கே பெண்கள் தங்கள் வாழ்க்கைக் கதையையே படமாகத் தைக்கிறார்கள். பீகார் சுஜனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய போர்வைக்குக் கவந்த் என்று பெயர். போர்வையின் நான்கு மூலைகளிலும் மடித்த சிறு துணி முக்கோணங்களைத் தைப்பார்கள். அவற்றைப் பூக்கள் என்பார்கள். பூ வைக்காமல் போர்வை முடிந்ததாக அவர்கள் நினைப்பதில்லை.

பெயர்கள் வேறு. மொழிகள் வேறு. வீட்டு வேலைக்கு நடுவே நேரம் கண்டுபிடித்துத் தைத்தவர்கள் எல்லோரும் பெண்களே.

6. நேரத்தின் கணக்கு

மாலை வகுப்பில் ஒரு நாள் ஆசிரியை வீட்டு வேலையைப் பற்றிப் பேசினார். 2024ஆம் ஆண்டில் இந்திய அரசு நாடு முழுவதும் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மக்கள் தங்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று கேட்டார்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். இந்த வேலைக்குச் சம்பளம் இல்லை. பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேரவில்லை. அது தனிக் கணக்கு.

இன்னொரு செய்தியையும் ஆசிரியை சொன்னார். சாலை விபத்து வழக்கு ஒன்றில் 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. வீட்டைக் கவனிக்கும் பெண்ணின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு; இழப்பீடு வழங்கும்போது அதையும் கணக்கிட வேண்டும் என்றது.

அம்மா வீட்டுக்கு வந்தார். மறுநாள் முழுவதும் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினார்.

தண்ணீர் பிடித்தது 40 நிமிடம்.
சமையல் 180 நிமிடம்.
பாத்திரம் துலக்கியது 60 நிமிடம்.
துணி துவைத்தது 60 நிமிடம்.
கூட்டித் துடைத்தது 50 நிமிடம்.
கடைக்குப் போய் வந்தது 30 நிமிடம்.
மொத்தம் 420 நிமிடம். அதாவது 7 மணி நேரம்.

நோட்டை மூடவில்லை. மேசை மேல் விரித்தபடியே வைத்தார். இரவு அப்பா அதைப் படித்தார். மகளும் படித்தாள். மறுநாள் காலையில் தண்ணீர் பிடிக்க அப்பா குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

7. இன்னொரு அஞ்சலட்டை

பொங்கலுக்கு முதல் நாள் கோதடி முடிந்தது. சுங்குடிச் சதுரங்கள் நடுவில் இருந்தன. அன்று இரவு நல்ல குளிர். பிள்ளைகள் இருவரும் அதன் அடியில் படுத்தார்கள். மகள் ஒரு சுங்குடிப் புள்ளியை விரலால் தடவினாள்.

“இது அம்மாச்சி புடவைதானே?”

“ஆமாம்” என்றார் அம்மா.

பொங்கல் அன்று முதல் தக்காளிகள் சிவந்திருந்தன. எண்ணிப் பார்த்தால் ஏழு. ரசத்துக்குப் போதும்.

மறுநாள் அம்மா ஒரு அஞ்சலட்டை வாங்கினார். அண்ணனுக்குத் தாமே எழுதினார். அவர் எழுதிய முதல் கடிதம் அது.

“அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் நலம். அம்மாவின் புடவையை வெட்டிக் கெடுத்துவிட்டேன். பிறகு அதை ஒரு போர்வையில் வைத்துத் தைத்தேன். இப்போது பிள்ளைகள் அதைப் போர்த்திக்கொள்கிறார்கள். பொங்கலுக்கு வீட்டுத் தக்காளியில் ரசம் வைத்தேன். நீங்கள் ஒரு முறை வர வேண்டும்.”

மகளிடம் காட்டினார். அவள் ஒரு எழுத்தைத் திருத்தினாள். அட்டையின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. அவள் பேனாவை வாங்கி எழுதினாள்.

“மாமா, அம்மாவுக்கு ஊருக்கு வர நேரமே இல்லை. அதனால் நீங்கள்தான் வர வேண்டும்.”

அம்மா அந்த வரியை இரண்டு முறை படித்தார். பிறகு அட்டையைப் பெட்டியில் போட எழுந்தார்.

பேசுவோம்:

1. மகள் முதல் அட்டையில் ஏன் அப்படி எழுதினாள்? உங்கள் வீட்டில் அப்படிப் பேசுவது உண்டா?
2. பாவாடை ஏன் குட்டையானது? 20 அங்குல நீளப் பாவாடைக்கு எத்தனை அங்குலம் வெட்ட வேண்டும்?
3. உங்கள் ஊரில் பழைய துணியில் என்னென்ன செய்கிறார்கள்? அதற்கு என்ன பெயர்?

செய்து பார்ப்போம்:

1. ஒரு பழைய டின்னில் ஓட்டை போட்டு வெந்தயம் விதையுங்கள். விதைத்த நாளையும் முளைத்த நாளையும் எழுதி வையுங்கள்.
2. வீட்டில் யார் யார் என்ன வேலை, எத்தனை நிமிடம் செய்கிறார்கள் என்று ஒரு நாள் எழுதுங்கள். எல்லோரும் சேர்ந்து படியுங்கள்.